வீட்டுத் திரையின் திறப்பு யார் கையில்?



மஃரிபுக்குப் பின் பிள்ளை கிராஅத் கேட்கிறது என்று நம்பி நீங்கள் குசினிக்குள் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் திரையில் வேறேதோ ஓடுகிறது. பிள்ளை எதையும் தேடவில்லை. ஓதல் முடிந்ததும் அடுத்ததை இணையமே எடுத்துப் போட்டுவிட்டது. பிள்ளையை ஏசி என்ன பயன்? அடுத்து எதைக் காட்டுவது என்பதை உங்கள் வீட்டாரை அறியாத ஒருவரல்லவா தீர்மானிக்கிறார்?

அந்தத் தீர்மானத்தை வீட்டுக்குள் கொண்டுவர வழியுண்டு. 'ஜெலிஃபின்' என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவினால், அதில் சேமித்துள்ள கிராஅத், பயான், பாட வீடியோ, குடும்பப் படங்கள் அனைத்தையும் வீட்டு வைஃபை மூலம் கைத்தொலைபேசியிலும் ஸ்மார்ட் டீவியிலும் பார்க்கலாம். இவற்றைப் பார்க்க இணைய டேட்டா செலவாகாது. விளம்பரம் இல்லை; மாதக் கட்டணமும் இல்லை.

"இலவசமென்றால் களவுப் பிரதியா, ஹஸரத்?" என்று ஒரு தாய் கேட்டார். நல்ல கேள்வி. 'எம்பி' என்ற மென்பொருளின் மூலநிரல் மூடப்பட்டபோது, அதுவரை திறந்திருந்த நிரலைக் கொண்டு 2018 டிசம்பரில் தொண்டர்கள் ஜெலிஃபினைத் தொடங்கினர். எவரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதன் உரிமத்திலேயே அனுமதி உண்டு. ஆகவே இதில் பிறர் ஹக்கைப் பறிப்பதில்லை. ஆனால் களவாக எடுத்த படத்தை அதற்குள் போட்டால் அது ஹலாலாகிவிடாது.

ஓரளவு நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி போதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். ஜெலிஃபினின் சொந்தத் தளத்திலிருந்தே அதை இறக்குங்கள். நிறுவியபின் அக்கணினியின் உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்:8096' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஆரம்பப் பக்கம் வரும். முதலில் கேட்கும் கடவுச்சொல்லே திறப்பு. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கிராஅத், பாடங்கள், குடும்பம் எனத் தனித்தனிக் கோப்புறைகளைச் சேருங்கள். கைத்தொலைபேசியில் ஜெலிஃபின் செயலியை இறக்கி, வீட்டு வலையமைப்பில் அக்கணினிக்குள்ள இலக்கத்தைக் கொடுங்கள். 192.168.1.10:8096 என்பது போல அது இருக்கும். பார்க்கும் நேரத்தில் கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வீடியோக்கள் எச்.264 வகை எம்பி4 ஆக இருந்தால் பழைய கணினி பெரும்பாலும் திணறாது.

அடுத்ததுதான் முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்குத் திறவுங்கள். எந்தப் பிள்ளை எந்தப் பகுதியைப் பார்க்கலாம், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று நீங்களே வரையறுக்கலாம்.

கலியாண வீடியோக்களில் கூடுதல் கவனம் தேவை. நம் பெண்கள் மஹ்ரம்களுக்கு முன் மட்டும் இருக்கும் கோலம் அவற்றில் உண்டு. அவற்றைத் தனிப் பகுதியாக்கி, உங்கள் கணக்கில் மட்டும் தெரியவிடுங்கள். கணினிக்கும் கடவுச்சொல் போடுங்கள். "வெளியிலிருந்தும் பார்க்கலாமே" என்று யாரேனும் ரவுட்டரைத் திறந்துவிட வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மௌத்தான வாப்பாவின் ஓதல் பழைய கஸட்டில் கிடக்கிறதா? அது பழுதாகுமுன் கணினிக்கு மாற்றுங்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் பிரதி வையுங்கள். இயந்திரம் ஒருநாள் பழுதாகும். அந்தக் குரலை மீண்டும் எங்கே தேடுவது?

ஒரு பெண் தன் கணவரின் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி என்றும், அதுபற்றி அவள் விசாரிக்கப்படுவாள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தப் பொறுப்புக்கு இம்மென்பொருள் ஒரு சிறு உதவி, அவ்வளவே. கிராஅத் ஓடும்போது பத்து நிமிடமாவது பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அதை எந்தக் கணினியும் உங்களுக்காகச் செய்யாது.

நம் வீடுகளையும் பிள்ளைகளின் கண்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.