வாசித்தவர் செய்த கிட்டார்

மேடையில் எடுபடாதவர்கள்தான் வாத்தியம் செய்யப் போவார்கள் என்று ஓர் எண்ணம் உண்டு. அமெரிக்கரான ரிக் டர்னரை மேலோட்டமாகப் பார்த்தால் அதற்குச் சாட்சி போலவே தெரிவார். 1943-இல் பிறந்த அவர், அறுபதுகளில் இயன் அண்ட் சில்வியா என்ற கனடியப் பாடகர் ஜோடிக்குக் கிட்டார் வாசித்தார். பிறகு நியூயார்க்கில் ஆட்டோசால்வேஜ் என்ற ராக் குழுவில் சேர்ந்தார். 1968-இல் ஒரே ஓர் இசைத்தட்டு வந்தது, விற்கவில்லை, குழு கலைந்தது. ஆனால் அந்த மேடை அனுபவம் வீண்போகவில்லை என்பதற்கு அவர் செய்த கிட்டார்களே ஆதாரம்.

கலிபோர்னியாவுக்குப் போனவர், கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவைச் சுற்றி உருவான, கிட்டார் செய்யும் அலெம்பிக் நிறுவனத்தில் பங்குதாரரானார். அங்கே அவர் முதலில் கவனித்தது பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகத்தை. சாதாரண மின் கிட்டாரின் பிக்கப்பில், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடும். சுற்று கூடினால் சிக்னல் பலமாக வரும். ஆனால் நீளமான கேபிளைக் கடந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போவதற்குள் உச்ச ஸ்தாயியின் தெளிவு மங்கிவிடும். வீட்டில் இது அவ்வளவாகத் தெரியாது, பெரிய மேடையில்தான் உறைக்கும். டர்னர் சுற்றுகளைக் குறைத்தார். அதனால் இளைத்த சிக்னலைத் தூக்கிவிட, பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் ஒன்று கிட்டாரின் உடலுக்குள்ளேயே இடம்பிடித்தது. ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் கசாடிக்குத்தான் முதல் அலெம்பிக் பேஸ் கிட்டார் போனது.

அந்த ப்ரீஆம்ப்பை வடிவமைத்த ரான் விக்கர்ஷாம் மின்னணுப் பொறியாளர்தானே, பிறகு வாசிப்பு அனுபவம் எதற்கு என்று கேட்கலாம். அதைவிடக் கனமான கேள்வி லியோ ஃபெண்டர். உலகின் புகழ்பெற்ற மின் கிட்டார்கள் சிலவற்றைத் தந்த அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது, ரேடியோ பழுதுபார்த்தவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஃபெண்டர் இசைக்கலைஞர்களை ஓயாமல் வரவழைத்து, வாசிக்கச் சொல்லி, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத்தான் திருத்தினார். வாசிப்பவரின் அந்தக் காது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்; டர்னருக்கு அது கைவசம் இருந்தது. ஒரே மாதிரியை ஆயிரக்கணக்கில் தயாரிக்க ஃபெண்டர் வழியே மேல், சந்தேகமில்லை. ஒரு கலைஞரின் தனிச் சிக்கலைத் தீர்ப்பது வேறு வேலை.

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் லிண்ட்சி பக்கிங்காமுக்கு அப்படியொரு சிக்கல். அவர் பிக் வைத்து மீட்டாமல் விரல் நுனியால் வாசிப்பவர். லெஸ் பால் கிட்டாரில் நாதம் தடிமனாக இருந்தது, விரல் நயம் அமுங்கியது; ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் தெளிவு இருந்தது, கனம் போதவில்லை. அலெம்பிக்கை விட்டு விலகிய டர்னர், 1979-இல் அவருக்கு மாடல் ஒன் கிட்டாரைக் கொடுத்தார். அதில் ஒரே பிக்கப்தான். வட்டமான தளத்தில் உட்கார்ந்திருக்கும், திருப்பலாம். சற்றுச் சாய்வாகத் திருப்பினால், தடித்த தந்திகளின் அதிர்வை ஓரிடத்திலும் மெல்லிய தந்திகளின் அதிர்வை வேறோரிடத்திலும் அது பிடிக்கும். இரண்டுக்கும் இடையிலான சமநிலையை வாசிப்பவரே அமைத்துக்கொள்ளலாம். அன்று டர்னர் தொடங்கிய நிறுவனம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பிறகு கிப்சனில் வேலை பார்த்துவிட்டு மீண்டும் சொந்தப் பட்டறை வைத்தார்; 2022-இல் மறைந்தார். பக்கிங்காம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் பெரும்பாலும் அந்தக் கிட்டாரைத்தான் வாசித்திருக்கிறார்.