டெங்கு அறிக்கையில் பார்க்க வேண்டிய இன்னோர் எண்

டெங்கு வந்து ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். அதே ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘பிசிவி’ என்றோர் எண்ணும் இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. டெங்குவில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிளேட்லெட் என்பது தட்டணு. எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ரத்தத்தில் 8 முதல் 10 நாள் வரை வாழும். ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் அங்கே ஒட்டிக்கொண்டு கசிவை அடைப்பது இதன் வேலை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. டெங்குவில் இது குறையும். உடல் தேறும்போது பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும்.

பிசிவி என்பது, மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. மீதியில் பெரும்பகுதி பிளாஸ்மா என்னும் திரவம். டெங்கு கடுமையாகும்போது நுண்ணிய ரத்தக்குழாய்களின் வழியே பிளாஸ்மா வெளியே கசிந்து, வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். நீர் சுண்டினால் குழம்பு கெட்டியாவதுபோல் ரத்தமும் கெட்டியாகும், பிசிவி ஏறும். 40 இருந்தது 48 ஆனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், கசிவு நடக்கிறது என்று பொருள். கசிவு மிகுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். உள்ளே ரத்தப்போக்கு இருந்தாலோ பிசிவி இறங்கும். அதனால் ஒருநாள் எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது; நேற்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் சமயத்தில், நோயின் 3 முதல் 7 நாளுக்குள் தொடங்குகிறது. ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் மிகவும் கவனிக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகத் தராதீர்கள். அவை ரத்தப்போக்கை அதிகமாக்கக்கூடும்.

அடுத்த முறை மருத்துவரிடம், "பிளேட்லெட் எவ்வளவு?" என்று கேட்கும்போது, "பிசிவி ஏறியிருக்கிறதா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.