காருக்கு அடியில் போகணுமா? ஜாக்கை மட்டும் நம்பாதீங்க! தாழ்வான கார்களுக்கு ராம்ப் செட் ஆகுமா?

ஆயில் மாற்றுவது, அடியில் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்கள் முதலில் எடுப்பது, காரோடு வரும் ஜாக்கைத்தான். இங்கேதான் ஆபத்து. அந்த ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அது சரிந்தால், அடியில் இருப்பவருக்கு நகரக்கூட நேரம் இருக்காது.

ராம்ப் ஏன் பாதுகாப்பானது?

காரின் எடை டயர் வழியாகவே அகலமான ராம்ப் மீது இறங்குகிறது. அதனால் எளிதில் சரியாது. ஆனால் டயரைக் கழற்றும் வேலை, பிரேக் பேட் மாற்றும் வேலைக்கு இது உதவாது. அதற்கு ஜாக் ஸ்டாண்ட்தான் வேண்டும்.

தாழ்வான காரில் என்ன பிரச்சினை?

டயர் ஏறுவதற்கு முன்பே பம்பர் ராம்ப்பில் இடித்துவிடும். ஒரு கணக்கு பார்ப்போம். ராம்ப்பின் உயரம் 15 செ.மீ., சரிவின் நீளம் 45 செ.மீ. டயர் ராம்ப்பைத் தொடும் இடத்திலிருந்து பம்பர் 45 செ.மீ. முன்னால் இருக்கிறது. பம்பரின் அடி விளிம்பு தரையிலிருந்து 18 செ.மீ. உயரத்தில் இருந்தால் தப்பிக்கும். பாடி கிட் மாட்டியோ, ஸ்பிரிங் மாற்றியோ அது 14 செ.மீ. ஆகிவிட்டால் இடிக்கும்.

தீர்வு என்ன?

அதே உயரத்துக்குச் சரிவு 90 செ.மீ. நீளமுள்ள ராம்ப் வாங்கலாம். பம்பருக்குக் கீழே அப்போது 7.5 செ.மீ. உயரம்தான் வரும். இல்லையென்றால், ராம்ப்புக்கு முன்னால் டயரைவிட அகலமான, 4 செ.மீ. கனமுள்ள உறுதியான பலகையை இரண்டு பக்கமும் போடலாம். டயர் முதலில் பலகையில் ஏறுவதால் 14 செ.மீ. பம்பரும் 18 செ.மீ. ஆகிவிடும்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

* சமமான, சொரசொரப்பான சிமென்ட் தரை நல்லது. போர்டிகோ டைல்ஸில் ராம்ப் வழுக்கி முன்னால் ஓடிவிடும்.
* ராம்ப்பில் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள்.
* வழிகாட்ட ஒருவர் பக்கவாட்டில் நிற்கட்டும். காருக்கு நேர் எதிரில் வேண்டாம்.
* மெதுவாக ஏற்றுங்கள். மேலே உள்ள தடுப்பைத் தாண்டினால் கார் விழும்.
* ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. பின்சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை கொடுங்கள்.
* அடியில் போவதற்கு முன் காரைக் கையால் அழுத்தி அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீங்க. கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

ராம்ப் ஆர்டர் போடும் முன் டேப் எடுத்து இரண்டே இரண்டு அளவு பாருங்கள்: பம்பரின் உயரம், டயரிலிருந்து பம்பர் வரை உள்ள தூரம். கணக்கு ஒத்துவரவில்லையா? அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.