மஞ்சள் மாத்திரை: வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முதுமையைத் தள்ளிப்போடும், மூட்டுவலி போகும், மறதி தீரும் என்று குர்குமின் மாத்திரைகள் விற்பனையாகின்றன. மஞ்சளில் உள்ள பாலிஃபீனால் வகை வேதிப்பொருள்தான் குர்குமின். ‘வீட்டு மஞ்சள்தானே, என்ன செய்துவிடப் போகிறது?’ என்று டாக்டரிடம்கூடக் கேட்காமல் பலர் விழுங்குகிறார்கள்.

குழம்பில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். மாத்திரையில் இருப்பதோ பெரும்பாலும் 95 சதவீதம் செறிவூட்டிய சாறு. அதையும் குடல் எளிதில் உறிஞ்சாது. மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால், இரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடுவதாக 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. இன்று பல டப்பாக்களில் பைப்பரினும் இருப்பது இதனால்தான்.

பலன் உண்டா?

மூட்டுத் தேய்மான வலி ஓரளவு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. 2018-இல் அமெரிக்காவில் 40 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில் நினைவாற்றல் சற்று மேம்பட்டது. நாற்பது பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. ஆயுள் கூடும் என்று மனிதர்களிடம் எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை.

ஆபத்து என்ன?

மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் எழுதினார்கள். ஐவர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் உடலில் கூட்டக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவோரும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள்.

என்ன உரிமை, எங்கே புகார்?

துணை உணவாக விற்கும் டப்பாவில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று அதில் போடக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஏமாந்தால் பில், டப்பா, விளம்பரத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ புகார் செய்யலாம். இழப்பீடு வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை.

சமையலில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். மாத்திரையாக வேண்டுமா என்பதை விளம்பரம் முடிவு செய்ய விடாதீர்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.