மேல்தளத்தில் காரை பெயர்கிறதா? பூசி மறைக்காதீர்கள்!

 

மழைக்காலம் முடிந்ததும் பழைய கான்கிரீட் வீடுகளில் மேல்தளத்தின் அடிப்பக்கம் உப்பி, வெடித்து, காரை கட்டிகட்டியாக விழுவதைப் பார்க்கிறோம். பலரும் அந்த இடத்தில் மட்டும் சிமென்ட் பூசி வெள்ளையடித்து விடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே இடம் இன்னும் அகலமாகப் பெயர்கிறது. கீழே பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டில் இது உயிருக்கே ஆபத்து.

கோளாறு உள்ளே இருக்கும் கம்பியில் தொடங்குகிறது. மேலிருந்து கசியும் நீரும் காற்றும் பட்டுக் கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை. அது பருத்து, அடியில் உள்ள கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடுகிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும், கட்டும்போது கலந்த உப்பு மணலும் இதை விரைவுபடுத்தும்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள்:

1. முதலில் கசிவை நிறுத்துங்கள். மொட்டை மாடியில் நீர் தேங்கும் இடம், தட்டோட்டின் இணைப்புகள், மேல்மாடிக் குளியலறைக் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள்.

2. அறையைக் காலி செய்தபின், கொத்தனார் தளம் முழுவதையும் தட்டிப் பார்க்கட்டும். வெற்றுச் சத்தம் கேட்கும் இடங்களை எல்லாம் கொத்தி இறக்க வேண்டும்.

3. துருப்பிடித்த கம்பியின் பின்புறம் வரை கொத்தி, கம்பி பிரஷால் துருவைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும்.

4. பழைய கான்கிரீட்டில் புதுக்கலவை பிடிப்பதற்கான ஒட்டுப்பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். சாதாரணக் கலவையை ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் தன் எடையிலேயே விழும். பாக்கெட்டில் குறித்துள்ளபடி ஈரம் காக்க மறக்கக் கூடாது.

கம்பி மெலிந்தோ அறுந்தோ இருந்தால், தளம் தொய்ந்திருந்தால், பீமில் விரிசல் கண்டால், இந்தப் பூச்சு வேலை போதாது. அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டி, அவர் சொல்லும் இடத்தில் முட்டுக் கொடுத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடம் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

தளத்தில் பழுப்புக் கறையும் கம்பி போகும் வரிசையில் நேர்க்கோட்டு விரிசலும் தெரிந்தால், அதுவே முதல் அடையாளம். அப்போதே கவனித்தால் சில அடி அகலத்தில் வேலை முடிந்துவிடும். தள்ளிப்போட்டால் தளத்தையே மாற்றும் செலவு வரும்.