புத்தரும் சங்கத்தின் தோற்றமும்

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கங்கைச் சமவெளியின் வாழ்க்கை விரைந்து மாறிக்கொண்டிருந்தது. இரும்புக் கருவிகளால் காடுகள் திருத்தப்பட்டு விளைநிலங்கள் பெருகின. வணிகம் வளர்ந்தது, இராசகிருகம், சிராவஸ்தி, வைசாலி முதலிய நகரங்கள் தழைத்தன. மகதமும் கோசலமும் வலிமை பெற்றுச் சிறு குடியரசுகளை நெருக்கின. பெரும்பொருள் செலவிட்டுச் செய்யும் வேள்விகளால் உண்மையான பயன் உண்டா என்னும் ஐயம் பலருக்கும் எழுந்தது. விடை தேடி வீட்டைத் துறந்து திரிந்தோர் அக்காலத்தில் எண்ணற்றோர். அவர்களுள் ஒருவரே கௌதம சித்தார்த்தர்.

சித்தார்த்தர் கபிலவஸ்துவைச் சேர்ந்த சாக்கியர் குடியில் தோன்றியவர். தந்தை சுத்தோதனர், தாய் மாயாதேவி. அவர் பிறந்த ஆண்டு கி.மு. 563 என்பது பலரும் எடுத்தாளும் கணக்காகும். சற்றுப் பிற்பட்ட காலத்தைக் கூறும் ஆய்வாளரும் உளர். பிறந்த இடம் பற்றி ஐயமில்லை. இன்றைய நேபாளத்தின் லும்பினியில் 1896ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அசோகரின் தூண் கல்வெட்டு, சாக்கிய முனிவர் பிறந்த இடம் இதுவே எனக் கூறுகிறது. அவ்வூரார் செலுத்தவேண்டிய விளைச்சல் பங்கை எட்டில் ஒன்றாகக் குறைத்த செய்தியும் அதில் உள்ளது.

பிறந்த ஏழாம் நாளில் தாயை இழந்த குழந்தையைச் சிற்றன்னை மகாபிரசாபதி கௌதமி வளர்த்தார். சித்தார்த்தரை அரசகுமாரர் என்று கூறுவது மரபு. எனினும், சாக்கியர் நாட்டில் குடித்தலைவர்கள் மன்றத்தில் கூடிக் கலந்து முடிவெடுத்தனர் என்பர் வரலாற்றறிஞர். இத்தகைய ஆட்சியமைப்பு கணம் என்றும் சங்கம் என்றும் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் தம் துறவியர் கூட்டத்திற்குப் புத்தர் சங்கம் என்றே பெயரிட்டமை இவ்விடத்தில் கருதத்தக்கது.

முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நால்வகைக் காட்சிகளைக் கண்டு, மனைவி யசோதரையும் மகன் இராகுலனும் உறங்கும் நள்ளிரவில் அவர் வெளியேறிய வரலாறு புகழ்பெற்றது. ஆனால், பாலி நூல் ஒன்றில் அவரே கூறுவதாக அமைந்த செய்தி இதனினும் எளியது: கருங்கூந்தல் மாறாத இளமையில், பெற்றோர் கண்ணீர் வடிக்க, முடி களைந்து காவியுடுத்தி வீட்டை நீங்கினார் என்பதே அது. அப்போது அவருக்கு வயது 29.

ஆலார காலாமர், உத்தக இராமபுத்திரர் என்னும் இருவரிடம் தியானம் பயின்றார், நிறைவு பெறவில்லை. பின்னர் உருவேலத்தில் ஐவர் உடனிருக்க, உடல் எலும்புக்கூடாக மெலியும்வரை நோன்பிருந்தார். அதனாலும் உண்மை கிட்டவில்லை எனத் தெளிந்து மீண்டும் உணவு கொண்டபோது, அவ்வைவரும் அவரை இகழ்ந்து பிரிந்தனர். 35ஆம் வயதில், நைரஞ்சனை ஆற்றின் அருகே அரசமரத்தடியில் ஞானம் பெற்ற புத்தர், தம்மை இகழ்ந்த அந்த ஐவரையே தேடிச் சாரநாத்தின் மான்தோப்புக்குச் சென்றார். இன்ப நுகர்ச்சியும் உடலை வருத்தலும் ஆகிய இரண்டையும் விலக்கிய நடுவழியை எடுத்துரைத்தார். துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழியாகிய எண்வகை நெறி என்பன அவ்வுரையின் உள்ளீடு. அந்த ஐவருமே சங்கத்தின் முதல் உறுப்பினராயினர்.

சங்கத்தின் விதிகள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவையல்ல. இடர் நேர்ந்தபோதெல்லாம் ஒவ்வொன்றாய் எழுந்தவை. மழைக்காலத்தில் துறவியர் பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்து நடக்கின்றனர் என மக்கள் குறைகூறினர். அதனால், மாரியில் ஓரிடத்தில் தங்கும் வழக்கம் ஏற்பட்டது. புத்தரின் மொழிகளை வேதம் போன்ற யாப்பில் அமைக்கலாமா என இரு துறவியர் கேட்டபோது அவர் மறுத்தார்; அவரவர் தம் மொழியிலேயே கற்கலாம் என்றார். வெவ்வேறு நாடுகளில் அந்தந்த மொழியில் பௌத்தம் பேசியதற்கும், தமிழில் மணிமேகலை போன்ற காப்பியம் எழுந்ததற்கும் இந்த இசைவு வழிகோலியது எனலாம்.

சாக்கியக் குடியின் இளைஞர் சிலர் துறவு பூண வந்தபோது நிகழ்ந்தது இன்னும் குறிப்பிடத்தக்கது. அவர்களோடு உபாலி என்னும் நாவிதரும் வந்திருந்தார். சங்கத்தில் முன்னர்ச் சேர்ந்தவரைப் பின்னர்ச் சேர்ந்தவர் வணங்கவேண்டும். எனவே, தம் குலச்செருக்கு அடங்குமாறு உபாலிக்கே முதலில் துறவு அளிக்கவேண்டும் என அவ்விளைஞர்களே வேண்டினர். அவ்வாறே செய்யப்பட்டது. பெண்கள் இடம்பெறுவது இத்துணை எளிதாக அமையவில்லை. வளர்த்த அன்னையாகிய கௌதமி மும்முறை வேண்டியும் புத்தர் இசையவில்லை. அவர் முடியைக் களைந்து, பெண்கள் பலருடன் வைசாலிக்கு நடந்தே வந்து, வீங்கிய பாதங்களுடன் வாயிலில் அழுது நின்றார். பெண்களும் ஞானம் பெற இயலுமன்றோ என ஆனந்தர் வினவ, இயலும் என்ற புத்தர், கடுமையான எட்டு விதிகளுடன் இசைந்தார். அவ்விதிகள் பிக்குணியரைப் பிக்குகளுக்குக் கீழ்ப்படுத்தியமை மறைக்கத்தக்கதன்று.

45 ஆண்டுகள் அறம் உரைத்த புத்தர், 80ஆம் வயதில் குசிநகரத்தில் மறைந்தார். இறுதியாக உணவளித்த கொல்லர் சுந்தன்மீது யாரும் பழி சுமத்தலாகாது என ஆனந்தரிடம் கூறிச்சென்றார். தமக்குப்பின் தலைவர் எவரையும் அவர் அமர்த்தவில்லை. தாம் உரைத்த அறமும் வகுத்த விதியுமே ஆசான் என்றார்.

அவர் மறைந்த செய்தி கேட்டு அனைவரும் வருந்த, முதுமையில் துறவு பூண்ட சுபத்தர் என்பவர், இனி விரும்பியவாறு நடக்கலாம் என மகிழ்ந்தாராம். அச்சொல் மகாகாசியபரைத் திடுக்கிடச் செய்தது. நூலாக எழுதப்படாத அறம் எளிதில் சிதையும் என உணர்ந்த அவர், இராசகிருகத்தில் 500 துறவியரைக் கூட்டினார். கேட்டவற்றை மறவாத ஆனந்தர் புத்தரின் உரைகளை ஒப்பித்தார். சங்கத்தின் விதிகளையோ, அவற்றை நன்கறிந்தவர் எனப் போற்றப்பட்ட நாவிதர் உபாலி ஒப்பித்தார். சாக்கியப் பெருங்குடியினரும் மகதத்து அந்தணரும் அதைக் கேட்டு ஏற்றனர். அதன்பின் பல தலைமுறைகள் வாய்மொழியாகவே வந்த அவ்வுரைகளும் விதிகளும், கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியின்போது, இலங்கையில் ஏட்டில் எழுதப்பட்டன.