தொட்டால் விடை தரும் கண்ணாடி

கண்காட்சியைப் பார்த்துச் செல்வது வேறு. வினவி அறிந்து செல்வது வேறு. பின்னதற்கு உதவும் கருவியே தொடுதிரை. அதன் கண்ணாடியில் மின்கடத்தும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் புலனாகாது. விரல் பட்டதும் அவ்விடத்து மின்னேற்றம் மாறுகிறது. கருவி இடமறிந்து விடை காட்டுகிறது. இம்முறையை 1965இல் இங்கிலாந்தில் ஜான்சன் என்பார் விளக்கினார்.

ராபர்ட்சன்பேட்டைக்கு இது பெரிதும் பயன்படும். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடைய கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. தந்தையர் இறங்கிய இடத்தைப் பிள்ளைகள் இன்று காண இயலாது. ஊர்விழாவில் தொடுதிரை ஒன்று இருப்பின், அவர்கள் விரலாலேயே அடுக்கடுக்காகக் கீழிறங்கலாம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த வழியையும் காணலாம். எழுத்துகள் தமிழிலும் கன்னடத்திலும் பெரியனவாக இருத்தல் வேண்டும்.

ஆயினும், திரை தன்னுள் இட்டதையே கூறும். ஆதலின், முதிய சுரங்கத் தொழிலாளர் ஒருவரையும் அருகே அமர்த்துவோமாக. பாறை வெடித்த நாளைப் பற்றிக் குழந்தை கேட்டால், கண்டவரே விடை கூறட்டும். அவர் நம்மிடையே உள்ளபோதே அவ்விடையையும் திரையில் சேர்த்தல் நம் கடமையன்றோ?